ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஏற்றுக்கொண்டால் நம் குடும்ப அமைப்பு சிதைந்துவிடாதா?

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். கேள்வியைப் படித்ததும் எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வந்தது.

அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் 1956-ல் சுயமரியாதைக் கல்யாணம். ஐயர் இல்லை, அக்னி இல்லை. கழகத்துக்காரர் ஒருவர் பேசி முடித்ததும் மாலை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். (அந்தப் பேச்சு முடிவதற்குள் சோறு ஆறிப்போச்சு என்று அப்பாயி சொல்லும்.)

சடங்கு இல்லாத இப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்று 1953-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஊரில் யாருக்கும் அது தெரியாது. 1964-ல் தாத்தா இறந்தபோது அவருடைய அண்ணனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. "அது கல்யாணமே இல்லை, அப்புறம் பங்கு எதுக்கு?" என்றார். ஆறு மா நஞ்சை. கைக்குழந்தையோடு நின்ற அப்பாயியை ஊர் என்ன வார்த்தை சொல்லியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. 1967-ல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லும் என்றானது. பெரிய தாத்தா அதற்குப் பிறகுதான் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கும் இதே பேச்சுதான், குடும்பம் சிதைந்துவிடும் என்று. இப்போது பொங்கலுக்கு எல்லோரும் வந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் இடம் போதவில்லை.

அந்த 7ஏ, 'எந்த இரண்டு இந்துக்களுக்கும்' என்றுதான் தொடங்குகிறது. சந்தோஷப்பட வேண்டாம், கொஞ்சம் தள்ளி 'கணவன்', 'மனைவி' வந்துவிடும். 2023 அக்டோபர் 17-ல், ஒரே பாலினத்தவர் திருமண வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐந்து பேரும், திருமணம் அடிப்படை உரிமையல்ல, சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டார்கள். சரி, அங்கே யார் எடுப்பது? எங்கள் பக்கம் எந்தத் தேர்தல் மேடையிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. சுயமரியாதைத் திருமணத்தைப் பெருமையாகச் சொல்பவர்களும் இங்கே வந்ததும் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள்.

கல்யாணம் செய்துதான் குடும்பமாக வேண்டும் என்பதில்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு, ஆனால் ஆஸ்பத்திரி கவுன்ட்டர்வரை அது இன்னும் வந்துசேரவில்லை. கும்பகோணத்தில் என் நண்பர்கள் இருவர், பதினோரு வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒருவருக்குக் குடல்வால் ஆபரேஷன். படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் மற்றவர் 'சித்தப்பா மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஜாடையே இல்லையே சார்" என்றாராம் நர்ஸ்.