கால்ல சிவப்பு புள்ளி, நாலு பேர் நாலு விதமா சொல்றாங்க, யாரை நம்புறது?

கேள்வி: எனக்கு வயசு 46. ரெண்டு மாசமா கணுக்கால்ல சின்னச் சின்னதா சிவப்பு புள்ளி. அரிப்பு பெருசா இல்ல. மெடிக்கல் ஷாப்ல அலர்ஜின்னு ஒரு க்ரீம் குடுத்தாங்க, குறையல. வீட்டுக்கு பூச்சி மருந்து அடிக்க வந்தவர் மூட்டைப்பூச்சி கடின்னார். ஃபேமிலி டாக்டர் ரத்தத்தை உறைய வைக்கற பிளேட்லெட் அணு எவ்ளோ இருக்குன்னு பாக்கணும்னார். லேப்லேந்து வந்தவர், எது எதுக்கு அலர்ஜின்னு ஒண்ணா பாக்கற அலர்ஜி பேனல் டெஸ்ட் எடுங்கன்னு விடாம சொல்றார். யார் சொல்றது சரி டாக்டர்? ரொம்ப பயமா இருக்கு.

பதில்: பயத்தைக் கொஞ்சம் ஓரமா வைங்க. நீங்க சொல்ற நாலு பேர்ல யாரும் பொய் சொல்லணும்னு சொல்லியிருக்க மாட்டாங்க. பூச்சி மருந்துக்காரர் தினமும் பாக்கறது பூச்சி, அதனால அவருக்குப் பூச்சி தெரியுது. ரத்தம் பாக்கறவருக்கு ரத்தம். ஆனா உங்க லெட்டரைப் படிச்சதும் எனக்கு வந்த கோவம் என்னன்னா, நாலு பேர்ல ஒருத்தராவது அந்தப் புள்ளியை விரலால அழுத்திப் பாத்தாங்கன்னு நீங்க எழுதவே இல்லையே. அஞ்சு நிமிஷத்துல ஒரு பேஷண்ட்னு ஓடுற ஓட்டத்துல சாக்ஸைக் கழட்டச் சொல்லக்கூட நேரமில்லாம லேப் ஃபார்ம்ல டிக் போட்டு அனுப்பிடறாங்க, இதைத் தினமும் பாக்குறேன்.

சரி, நீங்களே பண்ணுங்க. நல்லா வெளிச்சத்துல உக்காந்து, ஒரு கண்ணாடி டம்ளரை புள்ளி மேல வச்சு அழுத்திக்கிட்டே உள்ள பாருங்க. சிவப்பு மறைஞ்சா ரத்தம் இன்னும் குழாய்க்குள்ளதான் இருக்கு, குழாய் விரிஞ்சிருக்கு அவ்ளோதான், பூச்சிக்கடி, அலர்ஜி, வேர்க்குரு எல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கம். மறையாம அப்படியே நின்னா ரத்தம் குழாயை விட்டு வெளிய கசிஞ்சு தோலுக்குள்ள தங்கியிருக்கு. அப்போதான் உங்க ஃபேமிலி டாக்டர் சொன்ன டெஸ்ட் அவசியம். மாநிறம், கருப்பு தோல்ல சிவப்பு சரியா தெரியாது, அதனால உள்ளங்கை, உள்ளங்கால், கண் கீழிமைக்கு உள்பக்கம், மேல் அண்ணம் இதையும் பாத்துக்கோங்க.

அழுத்துனா மறையாத புள்ளியோட காய்ச்சல், வாந்தி, கழுத்து வலி, மயக்கம் மாதிரி ஏதாவது சேர்ந்தா நடு ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சிக்குப் போயிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. சில தொற்று மணிக்கணக்குல உயிரைக் கொண்டு போயிடும். ஈறுல ரத்தம், நிக்காத மூக்கு ரத்தம், கருப்பா மலம், இதுக்கும் அதே அவசரம்தான்.

உங்களுக்கு ரெண்டு மாசமா கணுக்கால்ல மட்டும், அரிப்பு கம்மி, காய்ச்சல் பத்தி நீங்க எதுவும் சொல்லல. இதையெல்லாம் சேத்துப் பாத்தா காலோட நுண்ணிய ரத்தக்குழாய்லேந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசியற, ஷாம்பர்க்னு சொல்ற தோல் பிரச்சனையா இருக்க வாய்ப்பு அதிகம். மிளகாய்ப்பொடி தூவுன மாதிரி புள்ளி, பழசானா துருப்பிடிச்ச பழுப்பு. உடம்புக்குக் கெடுதல் கிடையாது, ஆனா சீக்கிரம் போகவும் போகாது. நேர்ல பாக்காம அதுதான்னு நான் முத்திரை குத்தமாட்டேன். ரத்த அணுக்கள் டெஸ்ட் ஒண்ணு, யூரின் டெஸ்ட் ஒண்ணு எடுங்க. பிளேட்லெட் 1.5 லட்சத்துலேந்து 4.5 லட்சம் வரை நார்மல், அது ரொம்ப இறங்குனாதான், அதாவது 20,000 பக்கம் வந்தாதான் பெரும்பாலும் தானா புள்ளி வரும். யூரின் எதுக்குன்னா, ரத்தக்குழாய் வீக்கம் சில பேருக்கு கிட்னியையும் தொடும். விரலால தடவும்போது புள்ளி மேடா தட்டுப்பட்டா அந்த வீக்கமா இருக்கலாம், டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

இப்போ அந்த க்ரீம். எனக்கு அடிவயித்துலேந்து வர்ற ஆத்திரம் இதுதான். சீட்டு இல்லாம எடுத்துக் குடுக்கற கலவை க்ரீம் நிறையதுல க்ளோபெட்டசால் மாதிரி பலமான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் ஒண்ணா கிடக்கு. படர்தாமரையா இருந்தா முதல்ல அடங்குன மாதிரி இருக்கும், அப்புறம் ரூபமே மாறி பரவும், ஸ்கின் டாக்டரே கண்டுபிடிக்கத் திணறுவார். மாசக்கணக்குல தேச்சா தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சு சின்னதா தட்டுனாக்கூட ரத்தம் கசிஞ்சு புதுசா சிவப்பு புள்ளி வரும். எதைப் போக்க தேச்சீங்களோ அதையே அது உண்டாக்கும்! தயவுசெஞ்சு நிறுத்துங்க.

அலர்ஜி பேனலும் வேண்டாம். அதுல பாசிட்டிவ்னு வர்றதுக்கும் நிஜமா அலர்ஜி இருக்கறதுக்கும் தூரம் அதிகம். ஆளுக்கு ஒரு லிஸ்ட் குடுத்து இதைச் சாப்பிடாதே அதைச் சாப்பிடாதேன்னு பயமுறுத்தி விடறாங்க, கமிஷனுக்கு ஆள் சேக்கற ஏஜென்ட்டுக்கு உங்க கால்ல என்ன இருக்குன்னு ஒரு அக்கறையும் இல்ல.

மூட்டைப்பூச்சி கடி பொதுவா நல்லா அரிக்கும், தடிப்பா இருக்கும், வரிசையா வரும். மெத்தைத் தையல்ல கருப்புப் பொட்டு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வீடு முழுக்க மருந்து அடிக்கறதுக்கு அவசரமே இல்ல.

ஒரு விஷயம் மட்டும் நிதானமா கேளுங்க, இதுல குழம்பி அழுதுட்டு வர்றவங்க நிறைய. முப்பது வயசுக்கு மேல மார்பு, வயிறு, முதுகுல குண்டூசித் தலை அளவு பளபளன்னு செக்கச்செவேல்னு சின்ன மேடு வரும். டம்ளர் வச்சு அழுத்துனாலும் முழுசா மறையாது. உடனே பிளேட்லெட் போச்சுன்னு பதறாதீங்க, அது ரத்தக்குழாய் சின்னதா முடிச்சு போட்டுக்கிட்ட மச்சம் மாதிரி, ஒண்ணும் பண்ணாது. எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னா, பேனாவால சுத்தி வட்டம் போட்டு போட்டோ எடுத்து வைங்க. ஒரு மாசம் கழிச்சும் அதே இடத்துல அதே அளவுல இருக்கும். ரத்தக்கசிவுப் புள்ளி அப்படி நிக்காது, நாளாக நாளாக நிறம் மாறி மங்கும், பக்கத்துல புதுசு வரும். லேசர்ல சுட்டே ஆகணும்னு பேக்கேஜ் சொன்னா, பாக்க நல்லா இல்லன்னு உங்களுக்குத் தோணுனா மட்டும் பண்ணுங்க.

டெஸ்ட் ரிசல்ட்டோட ஸ்கின் டாக்டரைப் பாருங்க. போகும்போது அந்த க்ரீம் ட்யூப், கடைசி ரெண்டு மாசத்துல புதுசா ஆரம்பிச்ச எல்லா மாத்திரையோட அட்டை, போட்டோ எல்லாம் எடுத்துட்டுப் போங்க. ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்கன்னா அதையும் சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. சேர்ல உக்காந்ததும் முதல்ல சாக்ஸைக் கழட்டிட்டு, "டாக்டர், இதை அழுத்திப் பாருங்க"ன்னு கேளுங்க.