ஸ்டோர்க்காரருக்கு ஒரு சான்றிதழ்

அன்புள்ள அக்கா,

பதுளை மாவட்டத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிறுவனத்தில் போதனாசிரியராக இருக்கிறேன். அடுத்த வருடத்துக்கான முன்மொழிவைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எல்லோரையும் உள்வாங்கும் கல்லூரியாகவும் இருக்க வேண்டும், மாறிவரும் வேலைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தவும் வேண்டுமாம். கூட்டத்தில் செயற்கை நுண்ணறிவுப் பாடநெறி, கணினி ஆய்வுகூடம் என்றெல்லாம் பேசினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சில இடங்கள் ஒதுக்கலாம் என்றார் ஒருவர். எனக்கு ஏனோ மனம் ஒட்டவில்லை. நானும் லயத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வந்தவன்தான். நீங்கள் என்றால் என்ன எழுதுவீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

இடம் ஒதுக்குவது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்தச் சலுகை மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு இல்லை. பதுளை டவுனில் டியூஷனுக்கு நடந்தே போகிற பிள்ளையும் பசறைப் பக்கம் மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

நான் எழுதினால் முதற்பக்கத்தில் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறவர்களை வைப்பேன். வேலை மாறுகிறது என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். தேயிலை ஸ்டோரில் அது ஏற்கெனவே மாறிவிட்டது. காம்பையும் தூளையும் கேமராவால் பார்த்துக் காற்றால் ஊதிப் பிரிக்கிற கலர் சோர்ட்டர் பல ஸ்டோர்களுக்கு வந்துவிட்டது. அதை ஓட்டுகிறவர்களில் பலர் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டாதவர்கள். ரோலர் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்கள். டிரையர் சூடு ஏறினால் வாசனையிலேயே தெரிந்துகொள்வார்கள். ஆனால் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஸ்டோர் மூடினால் கொழும்பில் கடைக்குத்தான் போக வேண்டும், அதுவும் உதவியாளாக.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமை முறையில் முன்கற்றலை அங்கீகரிக்க ஏற்பாடு இருக்கிறது. பாடநெறிக்குப் போகாமலே, செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காண்பித்துச் சான்றிதழ் எடுக்கலாம். மொத்தம் 7 மட்டங்கள். நான்காம் மட்டம் என்றால் மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்யக்கூடியவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஆக, இருபது வருடம் மெஷின் ஓட்டியவருக்கு ஏறிப்போக ஒரு ஏணி இருக்கத்தான் செய்கிறது. அந்த ஏணி இருப்பதே, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் யாருக்கும் தெரியாது. உங்கள் கல்லூரி போய்ச் சொல்லட்டும். படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளையும் அனுப்பட்டும். பிள்ளைகள் உங்களைத் தேடி வரவேண்டும் என்று காத்திருந்தால், வரக்கூடியவர்கள்தான் வருவார்கள்.

அடுத்தது மொழி. கையேட்டின் அட்டையில் மூன்று மொழியும் இருக்கும். உள்ளே போனால் பல இடங்களில் வகுப்பு சிங்களத்தில் நடக்கும், தமிழ்ப் பிள்ளை பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்துக் குறிப்பு எடுக்கும். மூன்று மாதத்தில் பிள்ளை நின்றுவிட்டால், "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். எனக்கு வருகிற கோபத்தை இங்கே எழுத முடியாது. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியைப் பாருங்கள். ஜெர்மன் உதவியோடு வந்தது. தமிழில் படிக்கலாம், இரண்டு வருடம் விடுதி, அப்புறம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி. அங்கே படித்தவர்கள் இன்றைக்குத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறார்கள். மொழியும் தங்குமிடமும் சரியாக இருந்தால் நம் பிள்ளைகள் படிப்பை முடிப்பார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சிங்களம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத் தனி வகுப்பாகச் சொல்லிக் கொடுங்கள், வேலைக்குப் போனால் கட்டாயம் தேவைப்படும். வெல்டிங் வகுப்புக்குள் மொழிப் பரீட்சை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

நேரத்தையும் பாருங்கள். வார நாளில் வகுப்பு என்றால் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அன்றைக்குப் பேர் விழாது, நாட்கூலி போய்விடும். பின்னேரம் என்றால் கொழுந்து நிறுத்து வீடு வரவே இருட்டிவிடும், பஸ்ஸும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பெண்கள் என்றவுடன் தையலும் பியூட்டி கல்ச்சரும் மட்டும் போடுகிற பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். மின்சாரமும் ஏசி பழுதுபார்ப்பும் அவர்களுக்கு வராது என்று யார் சொன்னது?

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவர்களின் உரிமைக்கான சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. மலைநாட்டில் படிக்கட்டு இல்லாத கட்டிடம் அபூர்வம் என்பது உண்மைதான், ஆனால் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றப் பெரிய பணம் தேவையில்லை.

செயற்கை நுண்ணறிவு? இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கணினி ஆய்வுகூடத்துக்கு நன்கொடை தர ஆட்கள் கிடைப்பார்கள், ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். தமிழில் படிப்பிக்கிற போதனாசிரியரின் சம்பளத்துக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். அதனால் செலவுப் பக்கத்தில் அந்தச் சம்பளத்தை முதல் வரியாகப் போடுங்கள். கூட்டத்தில் வெட்டச் சொன்னால் வேறு எதையாவது வெட்டட்டும்.

அன்புடன்,
அக்கா