வெளியிலிருந்து இணையாத ரெப்ளிகா செட்

கேள்வி: என் மடிக்கணினியில் மூன்று மாங்கோடிபி தரவுத்தள சர்வர்களை டாக்கர் கன்டெய்னர்களாக (ஒரே கணினிக்குள் தனித்தனியாகப் பிரித்து இயங்கும் சூழல்களாக) இயக்கி, ஒரே ரெப்ளிகா செட்டாக (ஒரே தரவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர் குழுவாக) இணைத்துள்ளேன். கன்டெய்னருக்குள் எல்லாம் சரியாக இயங்கினாலும், வெளியே இயங்கும் என் நிரலால் மட்டும் இணைய முடியவில்லை. ஏன்? — கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: சிக்கல் பெரும்பாலும் உறுப்பினர்களின், அதாவது அந்த மூன்று சர்வர்களின், பெயரில்தான் இருக்கும். நீங்கள் கொடுக்கும் முகவரியை டிரைவர் (நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் மென்பொருள்) முதல் தொடர்புக்கு மட்டுமே பயன்படுத்துகிறது. பிறகு ரெப்ளிகா செட்டின் அமைப்பில் பதிவாகியுள்ள உறுப்பினர் பெயர்களைக் கேட்டு வாங்கி, அவற்றையே தேடிச் செல்கிறது. 'மாங்கோ1' போன்ற கன்டெய்னர் பெயர்களை டாக்கரின் உள் நெட்வொர்க் அறியும். உங்கள் மடிக்கணினி அறியாது. ஆகவே, அம்மூன்று பெயர்களையும் மடிக்கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயர் எந்த முகவரிக்கு உரியது என்று குறித்து வைக்கும் கோப்பு) அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியோடு சேர்த்து, சர்வர்களை 27017, 27018, 27019 ஆகிய போர்ட்டுகளில், கன்டெய்னரின் உள்ளும் புறமும் அதே எண் அமையுமாறு இயக்கி, அந்த எண்களுடனேயே உறுப்பினர்களைப் பதிவு செய்யுங்கள்.

டிரான்சாக்ஷனை (பல மாற்றங்கள் முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற செயல்தொகுப்பை) சோதிப்பது மட்டுமே நோக்கமென்றால் மூன்று சர்வர்கள் வீண். ஒரே உறுப்பினர் கொண்ட ரெப்ளிகா செட் போதும் என்பதே என் கருத்து. எழுதும் கோரிக்கைகளை ஏற்கும் தலைமை சர்வர் செயலிழந்தால் நிரல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க விரும்பினால்தான் மூன்றும் வேண்டும். அப்போது தலைமைக் கன்டெய்னரைத் திடீரென நிறுத்திப் பாருங்கள்: இயல்பான அமைப்பில், சுமார் 10 விநாடிகள் அதனிடமிருந்து பதில் வராவிட்டால் மற்ற இரண்டும் தேர்தல் நடத்திப் புதிய தலைமையைத் தேர்ந்தெடுக்கும். அவற்றில் இன்னொன்றையும் நிறுத்தினால் பெரும்பான்மை இல்லாததால் தலைமையே இராது. எழுதும் கோரிக்கைகள் அனைத்தும் தோல்வியடையும்.