எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பு தீரவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 26. கிளப் அணியில் கபடி ஆடுகிறேன். உயரம் 174 செ.மீ., எடை 84 கிலோ. இரவு எட்டு மணி நேரம் படுத்தாலும் காலையில் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. இரண்டாவது பாதியில் கால் ஓடவே மறுக்கிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் சரி. பயங்கரமாகக் குறட்டை விடுகிறேனாம்; "நடுவில் உனக்கு மூச்சே நின்னுடுதுடா" என்கிறான் அறை நண்பன். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கினால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மூக்கும் அடைத்திருந்தால் மூச்சுக்கு மிச்சமிருக்கும் வழி வாய்தான். அதையும் ஒட்டி மூடாதீர்கள்.

நண்பர் சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு 'ஸ்லீப் ஆப்னியா' எனும் தூக்க மூச்சுத்திணறல் இருக்கலாம். ரெய்டு பாடிப் போகும்போது 30 வினாடி மூச்சைப் பிடிப்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தூக்கத்தில் அப்படியில்லை. நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும்; காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறிப்போய் உங்களை ஒரு நொடி உலுக்கி எழுப்பும். ஒரு பெரிய கொர்ர்ர், மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது.

10 வினாடியோ அதற்கு மேலோ இப்படி நின்றால் அது ஒரு தடவை. மூச்சு பாதி அடைபட்டு ஆக்சிஜன் குறைந்தாலும் கணக்கில் சேரும். மணிக்கு 5 தடவைக்குக் கீழே இருந்தால் பயமில்லை. 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. மணிக்கு 30 தடவை எழுப்பப்படுகிறவர் எட்டு மணி நேரம் படுத்தாலும், அதைத் தூக்கம் என்று எப்படிச் சொல்வது? தசையைப் பழுதுபார்க்கும் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். ஓய்வெடுக்க வேண்டிய இதயமும் ராத்திரி முழுக்க அட்ரினலினோடு போராடுகிறது. இரண்டாவது பாதியில் கால் ஓடாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

"நான் தினமும் பயிற்சி செய்கிறவன், எனக்கா?" என்று கேட்பீர்கள். அமெரிக்கன் ஃபுட்பால் தொழில்முறை வீரர்களிடம் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு இது இருக்கும் என்று கணித்தது. தடித்த கழுத்துள்ள முன்வரிசைக்காரர்களிடம் இன்னும் அதிகம். கழுத்து கொழுப்பால் தடித்ததா, தசையால் தடித்ததா என்று மூச்சுப்பாதை பார்ப்பதில்லை. தையல்காரர் டேப்பால் உங்கள் கழுத்தை அளந்து பாருங்கள். 17 அங்குலத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது.

இன்னொன்று: ஆட்டத்தில் எப்போதாவது மூக்கில் முழங்கை பட்டதுண்டா? மூக்குத்தண்டு வளைந்திருந்தால் குறட்டை கூடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், கடையில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகாதீர்கள். சிலவற்றில் உள்ள சூடோஎபெட்ரின், குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது, நண்பரின் செல்போனில் ஒரு ராத்திரி வீடியோ. அதோடு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் பட்டை கட்டி வீட்டிலேயே தூக்கப் பரிசோதனை செய்யும் வசதி இப்போது இருக்கிறது. லேசானது என்றால் ஒருக்களித்துப் படுப்பது, மூக்கு ஒவ்வாமைக்கு மருந்து, இரவில் மதுவைத் தவிர்ப்பது ஆகியவற்றிலேயே நன்றாகக் குறையலாம். அதற்கு மேல் என்றால் 'சிபாப்' கருவி. முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், பழகிவிடும். தூக்க மாத்திரை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை, மின்னொளி கபடி முடிந்து நள்ளிரவில் பைக்கை நீங்கள் ஓட்ட வேண்டாம். நண்பர் ஓட்டட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள்.