பெட்ரோலா டீசலா என்பதற்கு முன்னால் அடகுக்கடைக் கணக்கு

கேள்வி: கோத்தகிரியில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 68,000 ரூபாய். கணவர் இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். சராசரியாக மாதம் 15,000 ரூபாய் வரும். 2021-இல் வாங்கிய பெட்ரோல் காருக்கு இன்னும் 3 லட்சம் கடன் இருக்கிறது, தவணை 14,500 ரூபாய். தோட்டத்து வீட்டுக்குச் செல்லும் மண் பாதையில் மழைக்காலத்தில் கார் வழுக்குவதால், ஃபோர் வீல் டிரைவ் வசதியுள்ள பெரிய குடும்ப வண்டி வாங்க விரும்புகிறோம். ஏழு இருக்கை டீசல் வண்டி வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 27 லட்சம். ஐந்து இருக்கை பெட்ரோல் வண்டி 20 லட்சம். கோவையில் இருக்கும் கணவரின் அண்ணன், டீசல் எடுத்தால் மாதம் 5,000 ரூபாய் மிச்சமாகும், எல்லோருமாகக் கோயில் குளத்துக்குப் போய் வரலாம், பிறகு 2 லட்சம் தருகிறேன் என்கிறார். பழைய காரை 5 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள், அதன் கடனை அடைத்தது போக 2 லட்சம் மிஞ்சும். முன்பணத்துக்கு, ஏற்கெனவே 3 லட்சத்துக்கு வங்கியில் இருக்கும் 11 பவுன் நகையின் மேல் இன்னும் 3 லட்சம் வாங்கிக்கொள்ளலாம். மீதி 22 லட்சத்துக்கு ஏழு ஆண்டுக் கடன், வட்டி 9.5 சதவீதம். எந்த எஞ்சின் எங்களுக்கு லாபம்?

பதில்: ஓட்டும் தூரத்தை மாதவாரியாக எழுதி அனுப்பியிருப்பதற்கு நன்றி, பெரும்பாலானோர் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். பள்ளிக்கும் கடைவீதிக்கும் ஆண்டுக்கு 3,200 கிலோமீட்டர், மாதம் இருமுறை கோவை சென்று திரும்ப 3,400, வெளியூர்ப் பயணங்களுக்கு 2,400, மொத்தம் 9,000.

முதலில் அண்ணன் சொல்லும் 5,000 ரூபாய் மிச்சத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் பகுதியில் பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மலைப்பாதையில் அந்த ஏழு இருக்கை டீசல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும். ஐந்து இருக்கை பெட்ரோல் வண்டி அதைவிட எடை மிகவும் குறைந்தது என்பதால், எத்தனால் கலந்த பெட்ரோலால் வரும் குறைவையும் கழித்த பிறகு, 13 தரும். ஆண்டுக்கு டீசல் செலவு 70,500 ரூபாய், பெட்ரோல் செலவு 70,600 ரூபாய். வித்தியாசம் நூறு ரூபாய். மாதம் 5,900 ரூபாய்க்குத்தான் எரிபொருளே போடப்போகிறீர்கள் என்னும்போது அதில் 5,000 ரூபாயை மிச்சம் பிடிப்பது எப்படி என்பதை அண்ணன்தான் விளக்க வேண்டும்.

அவர் வேண்டுமென்றே தவறாகச் சொல்லவில்லை. பெட்ரோல் விலைக்கட்டுப்பாடு 2010 ஜூனில் நீங்கியது. டீசலுக்கு அது 2014 அக்டோபரில்தான் முழுவதுமாக விலகியது. இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கும் மேல் இடைவெளி இருந்த காலம் உண்டு. அப்போது டீசல் கார் வாங்கியவர்கள் உண்மையாகவே மிச்சம் பிடித்தார்கள், அந்த நினைவு இன்னும் பல குடும்பங்களில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரே அளவுள்ள, ஒரே எடையுள்ள இரண்டு வண்டிகளை ஒப்பிட்டால் டீசலுக்குச் சாதகமான கணக்கு வருவது உண்மைதான். டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி, உள்ள பெரிய பெட்ரோல் எஞ்சின் மலையில் ஒன்பதரை கிலோமீட்டருக்கு மேல் தருவது கடினம், கிலோமீட்டருக்கு 10.70 ரூபாய் ஆகும். டீசலில் 7.80 ரூபாய். ஏறத்தாழ 2.90 ரூபாய் மிச்சம் என்றால் உங்கள் 9,000 கிலோமீட்டருக்கு 26,000 ரூபாய். டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை 2 லட்சம் என்று வைத்தாலும் அதை எடுக்க எட்டு ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதே தொகை மூன்றரை ஆண்டுகளில் திரும்பிவிடும். அவருக்கு நான் யோசிக்காமல் டீசல் என்பேன்.

ஆனால் உங்கள் முன்னால் இருப்பது அந்தத் தேர்வே இல்லை. ஸ்டேஷன் வேகன் என்னும் நீளக் குடும்பக் கார்களை நம் ஊர் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 1992-இல் வந்த டாடா எஸ்டேட்டை இன்று நினைவு வைத்திருப்பவர்களே குறைவு. அந்த இடத்தை எஸ்யூவிகள் பிடித்துக்கொண்டன. அவற்றில் ஏழு பேர் அமரக்கூடிய ஃபோர் வீல் டிரைவ் என்றால் பெரும்பாலும் டீசல்தான். மஹிந்திரா ஸ்கார்பியோ-என் வண்டியில் ஃபோர் வீல் டிரைவ் டீசலில் மட்டுமே வருகிறது. பெட்ரோலில் அந்த வசதி வேண்டுமானால் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற ஐந்து இருக்கை வண்டிகளுக்கு வர வேண்டும். எனவே எஞ்சினைப் பற்றிய கேள்வியாகத் தோன்றுவது, அண்ணன் குடும்பத்துக்கான இரண்டு இருக்கைகளுக்கு நீங்கள் 7 லட்சம் கொடுக்கலாமா என்னும் கேள்விதான். அந்த 7 லட்சத்தில் சாலை வரிக்குத் தனிப் பங்கு இருக்கிறது: தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். உங்கள் விலைப்பட்டியல்களின்படி ஒன்றுக்குச் சுமார் 4.3 லட்சம், மற்றதற்கு 2.9 லட்சம்.

ஏழு ஆண்டுக் கடனில் இந்த வட்டிக்கு லட்சத்துக்கு 1,634 ரூபாய் தவணை வரும். 7 லட்சத்துக்கு மாதம் 11,400, ஆண்டுக்கு 1.37 லட்சம். ஆண்டுக்கு மூன்று முறை பழனிக்கோ திருச்செந்தூருக்கோ இரு குடும்பமும் சேர்ந்து போக, கோவையில் இன்னோவா வாடகைக்கு எடுத்தால், பயணத்துக்கு 700 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 20 ரூபாய், டிரைவர் பேட்டா, சுங்கம் எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய், மூன்றுக்கு 51,000. அதிலும் பாதி அண்ணனுடையது. அவர் பிறகு தருவதாகச் சொல்லும் 2 லட்சத்தை, உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேரும் வரை, எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

எஞ்சினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டீசலுக்கு ஒரு நியாயம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் தன் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். ஐந்து பேரும் மூட்டைகளுமாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் அது திணறுவது தெரியும். டர்போ டீசல் அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டிக்கொண்டு இழுத்துச் செல்லும். ஓட்டுவதற்கு எது சுகம் என்றால் டீசல்தான்.

ஆனால் உங்கள் அன்றாட ஓட்டம் பள்ளிக்கு 3 கிலோமீட்டர். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 என்னும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் இன்றைய டீசல் கார்களில் டிபிஎஃப் என்னும் கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, புகைபோக்கியின் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி வரை உயர வேண்டும். அதற்கு வண்டி இருபது நிமிடங்களாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். டிசம்பர்க் காலையில் குளிர்ந்து கிடக்கும் எஞ்சின் உங்கள் பள்ளி வாசலை அடையும்போது சூடேறியிருக்கவே இருக்காது. நாளடைவில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கரியை எரித்து முடிப்பதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால், அதற்காகச் செலுத்தப்பட்ட டீசல், எஞ்சின் ஆயிலில் கலந்து, ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு கூடியிருக்கும், டீசல் வாசனையும் அடிக்கும். அப்போது மலையிறங்கிப் பணிமனைக்குக் கொண்டுபோய்க் கணினியை இணைத்துக் கட்டாயமாக எரிக்கச் செய்ய வேண்டும். மாதம் இருமுறை கோவை போய் வருவதால் நிலைமை முற்றிலும் கெடாது என்பது ஆறுதல். ஆனால் பள்ளி விடுமுறையில் அந்தப் பயணங்கள் நின்றால் ஆறுதலும் நிற்கும். ஆகவே எஞ்சின் கேள்விக்கு என் பதில் பெட்ரோல்.

அந்தப் பெட்ரோல் வண்டியையும் இப்போது வாங்க வேண்டாம் என்பது அடுத்த பதில். காரணம், நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த 11 பவுன் நகை.

நீங்கள் இணைத்திருக்கும் நகைக்கடன் ரசீதின் நகலைப் பார்த்தேன். 2021 நவம்பரில் தற்போதைய காரின் முன்பணத்துக்காக வைத்த நகை. அதன் பிறகு நான்கு முறை, ஒவ்வொரு நவம்பரிலும், வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு 27,000 வீதம் 1,08,000 ரூபாய் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. கார் கடனிலாவது மாதாமாதம் அசல் கரைகிறது. இது அப்படியே நிற்கிறது, தவணை என்று ஒன்று இல்லாததால் கடனாகவே உங்களுக்குத் தோன்றவில்லை. கடிதத்தில் கடன்களைப் பட்டியலிட்ட இடத்தில் இதைச் சேர்க்கவே இல்லை.

இப்போது அதே நகையின் மேல் இன்னும் 3 லட்சம் கிடைப்பதற்கு நீங்கள் சேமித்தது எதுவும் காரணமில்லை. 2021-இல் கிராம் 4,500 ரூபாய் அளவில் இருந்த தங்கம் இரு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது, அவ்வளவுதான். விலை ஏறியபோது கையில் நகை இருந்திருந்தால் அது சொத்து. அடகில் இருக்கும்போது ஏறினால் கடன் வாங்கும் எல்லை மட்டும் கூடுகிறது, அதை எட்டும்வரை வாங்கிவிட வேண்டும் என்று நம் வீடுகளில் ஓர் அவசரம் பிறந்துவிடுகிறது.

திட்டப்படி வாங்கினால் மாதச் செலவு இப்படி இருக்கும்: கார் தவணை 35,960, 6 லட்சம் நகைக்கடனுக்கு வட்டி மட்டும் 4,500, டீசல் 5,900, காப்பீடு, சர்வீஸ், டயர் ஆகியவற்றுக்கு 7,000. மொத்தம் 53,000 ரூபாய்க்கு மேல், அதாவது உங்கள் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டுச் செலவும் தேயிலையை நம்பி நிற்க வேண்டும். பச்சைத் தேயிலை விலை மாதத்துக்கு மாதம் எப்படி ஆடும் என்பதை நான் உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷோரூமில் இதற்கு மருந்தாகப் பலூன் தவணையைப் பரிந்துரைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத் தவணையைக் குறைத்துவிட்டு, கடைசியில் சில லட்சங்களை மொத்தமாகக் கேட்கும் ஏற்பாடு அது. அந்த மாதம் வரும்போது நீங்கள் எதைக் கொண்டு கட்டுவீர்கள் என்று இப்போதே சொல்ல முடியும்: மறுபடியும் நகை.

இருக்கும் காரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் 23 தவணைகளே பாக்கி. தேயிலை வருமானத்தில் மாதம் 10,000 ரூபாயை நகைக்கடனின் அசலில் கட்டுங்கள். இடையில் பகுதி பகுதியாக அசல் கட்ட உங்கள் கிளையில் என்ன நடைமுறை என்று கேட்டு, கட்டும் ஒவ்வொரு முறையும் ரசீதில் அசல் குறைந்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கார் கடன் முடிந்ததும் அந்த 14,500 ரூபாயையும் அதிலேயே போட்டால் இரண்டரை ஆண்டுகளுக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும். பிறகு ஓர் ஆண்டு அதே தொகையைச் சேர்த்தால் 3 லட்சம். பழைய காருக்கு அப்போது கிடைப்பதையும் சேர்த்து 6 முதல் 7 லட்சம் வரை முன்பணம். அன்று 20 லட்சம் வண்டிக்கு 13 லட்சம் கடன், ஐந்தே ஆண்டு, தவணை 27,300. அது உங்களால் தாங்கக்கூடியது. நீங்கள் வாங்க நினைப்பதன் விலை கூடியிருந்தால், முதல் உரிமையாளர் ஆயுள் வரியைக் கட்டி முடித்த நான்கு வயது வண்டியையும் பாருங்கள்.

அதுவரை மண் பாதைக்கு என்ன வழி என்பீர்கள். காரின் டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். உங்களுடையவை வண்டியோடு வந்தவை என்றால் ஐந்து வடகிழக்குப் பருவங்களைப் பார்த்துவிட்ட டயர்கள். வழுக்குவதில் பாதிக் காரணம் அங்கே இருக்கலாம். நான்கையும் மாற்ற 28,000 ரூபாய் ஆகலாம். அதற்கும் அடங்காவிட்டால், மிகச் செங்குத்தான 80 மீட்டருக்கு மட்டும் சக்கரத் தடம் இரண்டிலும் இரண்டடி அகலத்தில் கான்கிரீட் போடுங்கள். 11 முதல் 12 கன மீட்டர் வரும்; மலைக்கு ஏற்றும் கூலியுடன் சேர்த்துச் சுமார் 1.2 லட்சம். அதே பாதையைப் பயன்படுத்தும் பக்கத்துத் தோட்டக்காரரும் பங்கு கொடுத்தால் இன்னும் குறையும். நகை மீள்வது சில மாதங்கள் தள்ளிப்போனாலும் இந்தச் செலவை நான் மறுக்கமாட்டேன்.

டீசல் வண்டிக்கு 21,000 ரூபாய் கட்டிப் பதிவு செய்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. விலைப்பட்டியல் உங்கள் பெயரில் இறுதியாவதற்குள், வங்கி கடன் தொகையை விடுவிப்பதற்குள், ரத்துக் கடிதத்தை எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் ரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் போங்கள். சில ஆயிரம் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அண்ணனிடம் பேச உங்கள் கணவர் போகட்டும். வாடகை இன்னோவாவின் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.