ஊசி போட்டால் அரை மணியில் நிற்கும் வயிற்றுவலி

கேள்வி: டாக்டர், எனக்கு ஐ.பி.எஸ். (IBS) என்ற குடல் எரிச்சல் நோய் என்று சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. கொலனோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் ஒன்றும் இல்லை. ஆனால் வலி வந்தால் தொப்புளுக்குக் கீழே ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல இருக்கும். பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எப்போதாவது போட்டுக்கொண்டிருந்தது இப்போது வாரம் ஒன்று என்று ஆகிவிட்டது. எனக்குப் பார்க்கும் குடல் மருத்துவரோ ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்கிறார். கேட்கிற மருந்தை ஏன் விடவேண்டும்? தெரிந்த நர்ஸ் அக்கா ஒருவர் வீட்டுக்கே வந்து போடுகிறேன் என்கிறார், வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அந்த அக்காவின் கைத்திறனைச் சந்தேகிக்கவில்லை. ஊசி கையெட்டும் தூரத்தில் இருந்தால் வாரம் ஒன்று வாரம் மூன்றாகும், அவ்வளவுதான். ஊசி போட்டதும் ஒவ்வாமை வந்து மூச்சு திணறினால் கிளினிக்கில் அதற்கு மருந்து இருக்கும், உங்கள் வீட்டில் இருக்காது.

இனி ஊசி விஷயத்துக்கு வருவோம். அது கேட்கிறது என்பது பொய்யில்லை. குடல் சுவரில் இருக்கும் தசையை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுருங்கச் சொல்கிறது. டைசைக்ளோமைன், ஹையோசின் பியூட்டைல்புரோமைடு போன்ற மருந்துகள் அந்தச் செய்தி தசையைப் போய்ச் சேராமல் மறிப்பதால் பிடிப்பு தளர்கிறது. டைசைக்ளோமைனை மாத்திரையாக விழுங்கினால் ரத்தத்தில் சேர்வதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, தசையில் ஊசியாகப் போட்டால் சேர்கிறது. அதனால் விழுங்கியதெல்லாம் வாந்தியில் வெளியே வருகிற ஒருவருக்கு ஊசி நியாயமான வழிதான். ஆனால் அந்த மருந்தின் குறிப்பேட்டிலேயே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? வாய்வழி மருந்து எடுக்க முடியாதவருக்கு, 10 முதல் 20 மில்லிகிராம் வரை, நாளைக்கு நான்கு முறை, அதுவும் ஒன்றிரண்டு நாளைக்கு மட்டும், பிறகு மாத்திரைக்கு மாறிவிட வேண்டும் என்று. வாராவாரம் போட்டுக்கொள்வதற்காக அது வரவில்லை.

ஐ.பி.எஸ். என்பது தசைப்பிடிப்பு மட்டும் என்றால் நானும் ஊசிக்குத் தலையாட்டியிருப்பேன். இந்த நோயில் குடலின் நரம்புகள் கூருணர்ச்சி கொண்டுவிடுகின்றன. மலக்குடலுக்குள் சின்னப் பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்கள் லேசான அழுத்தம் என்று சொல்லும் அளவிலேயே ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலருக்கு வலி எடுத்துவிட்டது. அந்த நரம்பையோ, அதற்கும் மூளைக்கும் நடக்கும் பேச்சையோ உங்கள் ஊசி சரிசெய்வதில்லை. அன்றைக்குத் தசை தளர்கிறது, நரம்பு அப்படியேதான் இருக்கிறது, அடுத்த வாரம் மறுபடி கிளினிக் வாசல்.

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்ளக்கூடாது. ஐ.பி.எஸ். வலி அலை அலையாக வரும், உச்சிக்குப் போகும், தானாகவே இறங்கும், பலருக்கு மலம் கழிந்ததும் விட்டுவிடும். நாம் கிளினிக்குக் கிளம்புவது வலி உச்சியில் இருக்கும்போது. போய்ச் சேர்ந்து, காத்திருந்து, ஊசி போட்டு அரை மணி ஆவதற்குள் பாதி வலி தானே இறங்கியிருக்கும், பெயர் மட்டும் ஊசிக்குப் போய்விடும்.

அப்புறம், எந்த ஊசி என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களைப் போல எழுதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் எழுதுவதில்லை, இதுதான் எனக்கு எரிச்சல். வயிற்றுவலி ஊசி என்று போடுவதில் பிடிப்பைத் தளர்த்தும் மருந்தோடு டைக்லோஃபெனாக் போன்ற வலிநிவாரணியும் சேர்ந்திருக்கலாம், அது இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியது. டிரமடால் இருந்தால் இன்னும் கவலை. அது போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து குடலை மந்தமாக்கி மலச்சிக்கலைக் கொண்டுவரும், தொடர்ந்து போட்டால் குடல்வலியையே கூட்டிவிடும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். முன்பு எப்போதாவது வந்த வலி இப்போது வாராவாரம் வருகிறது என்கிறீர்களே, முதலில் இந்தப் பக்கம்தான் பார்க்கவேண்டும். அடுத்த முறை ஊசி போடுபவரிடம், மருந்தை உறிஞ்சிய அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை, அதாவது ஆம்பூலைக் கீழே போடும் முன் காட்டச் சொல்லுங்கள். அதில் பெயரும் அளவும் அச்சிட்டிருக்கும். இரண்டு ஆம்பூல் என்றால் இரண்டையும் போன் கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள். குடல் மருத்துவருக்கு அந்தப் படம் உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளைவிடப் பயன்படும்.

சரி, மாத்திரையாவது உறுதியாக வேலை செய்கிறதா? அதிலும் ஒருமித்த பேச்சு இல்லை. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்களின் சங்கம் ஒன்று (American College of Gastroenterology) 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தங்கள் நாட்டில் கிடைக்கும் பிடிப்புத் தளர்த்திகளைப் பரிந்துரைக்கவில்லை, சான்று போதாது என்றது. அடுத்த ஆண்டே இன்னோர் அமெரிக்கச் சங்கம் கொடுத்துப் பார்க்கலாம் என்றது, பிரிட்டன் மருத்துவர்களும் அதே பக்கம். இவ்வளவு வாதமும் மாத்திரையை வைத்துத்தான். ஊசியை வாராவாரம் போட்டு ஐ.பி.எஸ்.ஸைக் கட்டுப்படுத்தச் சொல்லும் வழிகாட்டுதல் எதையும் நான் பார்த்ததில்லை.

என் கட்சி இது: மாத்திரையை வலி வந்த பிறகு தேடாதீர்கள். சாப்பிட்டதும் வலி வருகிற ஆள் என்றால் சாப்பாட்டுக்கு முன்பே போடுங்கள். மெபெவெரின் 135 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னால் எடுப்பது வழக்கம். புதினா எண்ணெய் கேப்ஸ்யூல் சிலருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் கடிக்காமல் முழுசாக விழுங்கவேண்டும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஒத்துவராது. மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்தைக் கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், கோதுமைத் தவிடு வேண்டாம், அது உப்புசத்தை அதிகமாக்கும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் அமிட்ரிப்டிலின் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மனச்சோர்வு மாத்திரையாயிற்றே என்று பதறவேண்டாம், இங்கே அது மிகச் சிறிய அளவில் அந்தக் கூருணர்ச்சி நரம்புக்காகக் கொடுப்பது. இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கித் தேவைப்பட்டால் 30 வரை போகலாம் என்று வைத்து இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த நோயாளிகளிடையே நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023இல் லான்செட் இதழில் வந்தது, மருந்து எடுத்தவர்களுக்கு வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட நல்ல பலன் தெரிந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: அமிட்ரிப்டிலினும் டைசைக்ளோமைனும் இரண்டுமே வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும். அதை எடுத்துக்கொண்டே இதையும் ஊசியாகப் போட்டால் இரண்டின் தொல்லையும் கூடிவிடும்.

கேள்வி: மாத்திரை வாந்தியாகிவிட்டதால் ஊசி போடப் போனேன். சீக்கிரம் கேட்கட்டும், நரம்பிலேயே, அதாவது ரத்தக் குழாயிலேயே போட்டுவிடுங்கள் என்றேன். இது இடுப்பில் மட்டும்தான் என்று நர்ஸ் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். என் தங்கைக்கு இதே வலிக்கு நரம்பில்தான் போட்டார்களாம். யார் செய்தது சரி?

பதில்: இருவரும் சரியாக இருக்கலாம், மருந்து வேறாக இருந்திருக்கும். டைசைக்ளோமைன் என்றால் தசையில் மட்டும்தான். தவறுதலாக ரத்தக் குழாயில் போய்விட்டால் குழாய் அழன்று ரத்தம் உறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது. அந்த நர்ஸ் பிடிவாதம் பிடித்ததற்கு நன்றி சொல்லுங்கள். ஹையோசின் பியூட்டைல்புரோமைடு, அதாவது பஸ்கோபான் என்ற பெயரில் பலர் அறிந்தது, தசையிலும் போடலாம், ரத்தக் குழாயிலும் மெதுவாகப் போடலாம். எண்டோஸ்கோபி செய்யும்போது குடல் அசையாமல் நிற்பதற்குக்கூட அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். டிராடாவெரின் என்ற இன்னொன்று அசிட்டைல்கோலின் வழியாக வேலை செய்யாமல் தசைக்குள்ளேயே நேராகப் போய்த் தளர்த்துகிறது, அதனால் வாய் உலர்வது போன்ற தொல்லை அதில் குறைவு, ஆனால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வயிற்றுப்பிடிப்புக்கு ஊசி போட்ட அன்று இரவு சிறுநீர் வராமல் தவித்துப்போனார், கண்ணும் மங்கலாகத் தெரிகிறது என்றார். ஊசி கெட்டுப்போனதா?

பதில்: ஊசி கெட்டுப்போகவில்லை, அதன் குணமே அது. குடல் தசைக்குப் போகும் செய்தியை மறிக்கும் மருந்து சிறுநீர்ப்பைக்கும் கண்ணுக்கும் எச்சில் சுரப்பிக்கும் போகும் செய்தியையும் மறிக்கும். அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வயதில் இருக்க வாய்ப்பு அதிகம், அது இருந்தால் இந்த வகை ஊசி சிறுநீரை அடைத்துவிடும். மறுபடி அப்படி அடைத்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள், குழாய் வைத்துத்தான் எடுக்கவேண்டிவரும். மங்கல் சில மணி நேரத்தில் போய்விட்டது என்றால் சரி, கண் வலித்துச் சிவந்து தலைவலியும் சேர்ந்தால் கண்ணழுத்த நோய் கிளம்பியிருக்கலாம், அதற்கும் அன்றே பார்க்கவேண்டும். வயதானவர்களுக்கு டைசைக்ளோமைன் குழப்பமான பேச்சையும் தரும், வீட்டில் புத்தி தடுமாறிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். இருதய நோய் இருந்தால் ஹையோசின் ஊசியும் எச்சரிக்கைக்குரியது. படபடப்பும் இரத்த அழுத்தச் சரிவும் ஆபத்தாக முடியலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் மருத்துவர்களுக்கு எழுதியது.

கேள்வி: உனக்கு வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டாலும் சரியாகிவிடும் என்று என் கணவர் கிண்டல் செய்கிறார். என் வலி பொய்யா டாக்டர்?

பதில்: பொய்யில்லை, அவரிடம் சொல்லுங்கள். 2010இல் அமெரிக்காவில் ஐ.பி.எஸ். உள்ள 80 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு, இதில் மருந்தே இல்லை, வெற்று மாத்திரை என்று வாய்விட்டுச் சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் கிடைத்தது என்றார்கள், எதுவும் எடுக்காதவர்களில் 35 சதவீதம். இதற்கு அர்த்தம் வலி கற்பனை என்பதல்ல, குடல்வலியைக் கூட்டவும் குறைக்கவும் மூளைக்கு நிஜமாகவே கை இருக்கிறது என்பதுதான். கிண்டல் செய்பவர் பக்கத்தில் இருந்தால் அது கூடும் என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

கேள்வி: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். ஐ.பி.எஸ். வலிக்கு ஊசி போடலாமா?

பதில்: டைசைக்ளோமைன் வேண்டாம், பாலில் கலக்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல், வலிப்பு எல்லாம் வந்திருப்பதால்தான் அந்த மருந்தைத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் தடை செய்திருக்கிறார்கள். பால் கொடுப்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது.

கேள்வி: எனக்குப் பழகிய ஐ.பி.எஸ். வலிதான் என்று நினைத்துப் போனேன், ஊசி போடாமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீண் அலைச்சல்தானே?

பதில்: அலைச்சல்தான், ஆனால் வீண் இல்லை. குடலில் அடைப்பு இருக்கும்போது பிடிப்புத் தளர்த்தி போடக்கூடாது, போட்டால் உள்ளே நடப்பதை மறைத்து நிலைமையை மோசமாக்கிவிடும். ஐ.பி.எஸ். இருப்பவருக்கு அப்பெண்டிசைடிஸ் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. விட்டு விட்டு வராமல் நின்று வலிக்கிற வலி, காய்ச்சல், ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும்போது வரும் அடிவயிற்றுவலி, இவற்றில் எது இருந்தாலும் அது உங்கள் பழைய வலி இல்லை. அதனால் அடுத்த முறை உள்ளே போனதும் எனக்கு ஐ.பி.எஸ்., வழக்கமான ஊசி போடுங்கள் என்று தொடங்காதீர்கள். வலி எப்போது ஆரம்பித்தது, காலையிலிருந்து காற்றுப் பிரிந்ததா, கடைசியாக மலம் எப்போது போனது, இந்த மூன்றையும் முதலில் சொல்லுங்கள்.