தலைமன்னாரில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

வணக்கம் சேர்,

ஹட்டனில் புவியியல் படிப்பிக்கிறேன். ஆகஸ்ட் லீவில் தரம் பத்துப் பிள்ளைகளைத் தலைமன்னாருக்குக் கூட்டிப்போக எண்ணம். அங்கே ஒரு கரை கொந்தளிக்கும், மறுகரை குளம்போல் கிடக்கும் என்கிறார்கள். இது வற்றுப்பெருக்கால் வருவதா? நீரோட்டத்தைப் பிள்ளைகளே அளக்க வழி உண்டா? கொத்மலைத் தண்ணீர் அந்தக் கடலுக்குப் போகுமா என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்கும் பதில் தேவை.

ஓர் ஆசிரியை, ஹட்டன்

அன்புள்ள டீச்சர்,

கரை கொந்தளிப்பதற்கு வற்றுப்பெருக்குக் காரணமல்ல. அது பன்னிரண்டு மணி 25 நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். நம் கரைகளில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கொந்தளிப்பு காற்றின் வேலை. ஜூன், ஜூலையில் ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் மழையைக் கொட்டுகிற அதே சோளகக் காற்றுதான், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுதான், மன்னார்க் குடாவையும் அடிக்கிறது. மன்னார்த் தீவின் தென்கரை அதை நேரே வாங்கும், பாக்குக் குடாப் பக்கமான வடகரை ஒதுக்காகக் கிடக்கும். பதுளைப் பக்கம் மழை பெய்கிற டிசம்பரில் நிலைமை தலைகீழ். பிள்ளைகளை ஆகஸ்டில் தென்கரையில் இறங்கவிடாதீர்கள்.

காற்றோடு தண்ணீரும் இடம்மாறுகிறது. சோளகத்தில் மன்னார்க் குடா நீர் வடக்கே பாக்குக் குடாவுக்குள் போகும். வாடையில், அதாவது வடகிழக்குப் பருவக்காற்றில், வங்கக் கடல் நீர் தெற்கே இறங்கும். பெரிய ஆறுகள் கலப்பதால் வங்கக் கடல் நீரில் உப்புக் குறைவு. மன்னார்க் குடா ஆயிரம் மீற்றருக்கும் மேல் ஆழம் போகும், பாக்குக் குடாவோ பெரும்பாலும் பதினைந்து மீற்றரைத் தாண்டாது. இடையில் ஆதாம் பாலத்து மணல் திட்டுகள். அதனால் கடக்க முடிவது மேல்நீர் மட்டும்தான்.

இனி அளப்பது. ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் மணல் போட்டு, இரண்டு விரல் இடம் விட்டுக் கடல்நீர் நிரப்புங்கள். கழுத்து மட்டும் வெளியே தெரிய வேண்டும். வெறும் போத்தலை மிதக்கவிட்டால் அது காற்றைத்தான் காட்டும், நீரோட்டத்தை அல்ல. மெல்லிய நூலில் 12 மீற்றர் கட்டி, முதல் இரண்டு மீற்றரைத் தளர்வாக ஓடவிட்டு, மிச்சம் பத்து மீற்றருக்கு நேரம் பாருங்கள். 40 செக்கன் எடுத்தால் செக்கனுக்கு 0.25 மீற்றர். திசையைக் கொம்பஸ் வைத்துக் குறியுங்கள்.

அலை உடைகிற இடத்தில் அளந்து பயனில்லை. அங்கே அலை கரையோரமாய்த் தள்ளுகிற ஓட்டம்தான் அகப்படும். கரைக்கு மிகக் கிட்டவும் வேண்டாம், தண்ணீர் கரையின் வளைவோடு திரும்பி ஏமாற்றும். ஊரில் வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவரைக் கேட்டு, வடபக்கம் நங்கூரம் போட்ட வள்ளத்திலிருந்து அளப்பது நல்லது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் எவரையும் ஏற்ற வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது நேரத்தில்தான். மத்தியானம் மூன்று மணித்தியாலம் அளந்துவிட்டு, பெருக்கைப் பருவ நீரோட்டம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். காலை ஆறுக்குத் தொடங்கி மாலை ஆறரை வரை அரை மணிக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். ஒரு திசையைக் கூட்டலாகவும் எதிர்த்திசையைக் கழித்தலாகவும் வைத்துச் சராசரி எடுத்தால் வற்றும் பெருக்கும் பெரும்பாலும் கழிந்துவிடும். மிஞ்சுவது காற்றும் பருவமும் தள்ளிய ஓட்டம். அமாவாசை, போயாவை ஒட்டிப் போனால் வற்றுப்பெருக்கு ஓங்கி நிற்கும். கலண்டரில் அட்டமி பார்த்து, அதற்கு அடுத்த ஓரிரு நாளில் போங்கள்.

கொத்மலைத் தண்ணீர் மகாவலியோடு திருகோணமலைக் கொட்டியார்க் குடாவுக்குப் போகிறது. ஆனால் 1976 முதல் பொல்கொல்லையில் ஒரு பங்கைத் திருப்பிக் கலாவெவக் குளத்தின் பக்கம் அனுப்புகிறார்கள். அங்கிருந்து ஓடும் கலா ஓயா புத்தளத்துக்கு வடக்கே, மன்னார்க் குடாவின் தென்கோடியில் கடலைத் தொடுகிறது. வயல்கள் குடித்தது போக மிச்சம் கொஞ்சம் போகும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லலாம்.

அன்புடன்.